விசிலக்காவின் கல் கரைந்த கதை

பதினேழாம் நம்பர் பஸ்ஸில் தினமும் போய் வருகிறவர்களிடம் அந்தக் கண்டக்டரின் பெயரைக் கேட்டால் முழிப்பார்கள். விசிலக்கா என்று சொன்னால் உடனே தெரியும். ஆள் ஒல்லி, குரல் அதைவிட ஒல்லி. அதனால் கத்துகிற வேலை முழுவதையும் கழுத்தில் தொங்கிய விசிலிடம் ஒப்படைத்துவிட்டாள். அவள் ஒரு ஊது ஊதினால் ஸ்டீயரிங்கில் இருக்கிறவர், நடு சீட்டில் தூங்கி வழிகிறவர், பின்படியில் ஒற்றைக் காலில் நிற்கிறவர் எல்லாரும் ஒரே நேரத்தில் நிமிர்வார்கள்.

இந்த வேலைக்கு வருவதற்கு முன்னால் பிஸ்கட் கம்பெனியில் பாக்கெட் ஒட்டிக்கொண்டிருந்தாள். நாள் முழுக்க ஒரே ஸ்டூலில் குனிந்து உட்கார்ந்திருந்ததில் கழுத்து பிடித்துக்கொண்டது. கண்டக்டர் வேலைக்குப் பெண்களும் விண்ணப்பிக்கலாம் என்று கேள்விப்பட்டு எழுதிப் போட்டாள், கிடைத்தது. டிப்போவில் முதல் பெண் கண்டக்டர் அவள்தான். ஓடுகிற வண்டியில் கம்பியைப் பிடிக்காமல் நடக்கப் பழகிய அன்று வீட்டுக்கு வந்து கூடத்தில் குறுக்கும் நெடுக்குமாக நடந்து காட்டினாள். அவளுடைய புருஷன் ஜூஸ் கடைக்காரர். கைதட்டிவிட்டு, "நம்ம வீடு ஆடலையேம்மா, இதுல என்ன பெருமை?" என்றார்.

எல்லாம் நன்றாகத்தான் போனது, ஒன்றைத் தவிர.

பதினேழாம் நம்பர் ஊருக்குள்ளிருந்து கிளம்பிப் புறநகர் தாண்டி சிமென்ட் ஆலை வாசலில் போய் முடியும். அங்கே ஆலையின் நீளமான மதில் சுவர், ஒரு டீக்கடை, சிமென்ட் தூசியில் இலையெல்லாம் சாம்பலாகிப்போன ஒரு மரம். அவ்வளவுதான். வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம், வேறொரு வண்டியின் கண்டக்டரிடம் மெதுவாகக் கேட்டாள். "அண்ணே, இங்க பாத்ரூம் எங்க இருக்கு?"

அவர் கையை அகல விரித்து மதில் சுவரின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் காட்டினார். "இது பூரா நம்மளோடதுதான்மா. எங்க வேணா போ."

டீக்கடையில் நின்றவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். அவளும் கூடவே சிரித்து வைத்தாள். காது மடல் மட்டும் சாயங்காலம் வரை எரிந்துகொண்டே இருந்தது. அதற்குப் பிறகு அவள் யாரிடமும் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. பிரச்சினையைத் தன் வழியில் தீர்த்துக்கொண்டாள். தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிட்டாள்.

காலையில் அரை கப் டீ. அதோடு சரி. வாய் உலர்ந்தால் ஒரு வாய் எடுத்துக் கொப்பளித்துத் துப்புவாள். பையில் ஒரு பாட்டில் தண்ணீர் எப்போதும் இருக்கும். அது மயக்கம் போட்டு விழும் பயணிகளுக்கு. சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் அடுப்படியில் நின்றபடியே மடக்கு மடக்கென்று குடிப்பாள். வெயில் காலத்தில் சிறுநீர் டீ டிகாஷன் நிறத்தில் போனது. எரிந்தது. உடம்பு சூடு என்று நினைத்து விட்டுவிட்டாள். இப்படியே வருடங்கள் ஓடின. டூட்டியில் இருக்கும்போது ஒரு தடவைகூட வண்டியை விட்டு இறங்கிப் போகாதவள் என்று டிப்போவில் அவளுக்கு நல்ல பெயர். அந்தப் பெயரில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் இருந்தது.

டிரைவரை எல்லாரும் மீட்டர் அண்ணன் என்பார்கள். பேசினால் மீட்டர் ஏறி காசு விழும் என்பது போல அளந்து அளந்துதான் பேசுவார். காலையில் "ம்". கிளம்பும்போது "போலாமா". இரவு வண்டியை விடும்போது "சரி". பல வருடம் ஒரே வண்டியில் வேலை செய்தும் இரண்டு பேரும் பேசிக்கொண்டதை எல்லாம் சேர்த்தால் ஒரு டீ குடிக்கும் நேரத்துக்கு வராது.

ஒரு மத்தியானம் வண்டி நிறைய ஆள். டிக்கெட் கிழித்துக்கொண்டே வந்தவளுக்கு முதுகில், விலாவுக்குக் கீழே, யாரோ முழங்கையால் இடித்தது போல இருந்தது. திரும்பிப் பார்த்தாள். பின்னால் நின்றிருந்தது ஒரு சின்னப் பெண். அடுத்த நிமிஷம் அந்த வலி இடுப்பைச் சுற்றி முன்பக்கம் வந்து அடிவயிற்றில் இறங்கியது. பிடித்திருந்த கம்பி வியர்வையில் வழுக்கியது. விசிலை வாயில் வைத்து ஊதினாள். பாதிக் காற்றுதான் வந்தது.

அந்தப் பாதி விசிலைக் கேட்டு மீட்டர் அண்ணன் கண்ணாடியில் பார்த்தார். வண்டியை ஓரம் கட்டினார். எழுந்து வந்து, தரையில் சுருண்டு உட்கார்ந்திருந்தவளைப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து நின்று, தன் வாழ்நாளிலேயே நீளமான பேச்சைப் பேசினார்.

"எல்லாருக்கும் சொல்றேன். வண்டி இப்ப ஆஸ்பத்திரிக்குப் போகுது. இறங்கறவங்க இறங்கிக்கலாம். வர்றவங்க வரலாம்."

"பேங்க் மூடிடுவாங்கய்யா!" என்றார் ஒருவர்.

"பேங்க் நாளைக்கும் அங்கேயேதான் இருக்கும். உக்காருய்யா" என்று அவரைச் சட்டையைப் பிடித்து உட்கார வைத்தாள் மீன்காரம்மா. தினமும் அந்த வண்டியில் கூடையோடு வருகிறவள். கூடையைக் காலால் தள்ளிவிட்டு, அவளே விசிலக்காவின் தலையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். பதினேழாம் நம்பர் தன் வழியை விட்டுத் திரும்பி, கேட் ஓரம் இருந்த ஒரு பூந்தொட்டியை நசுக்கிக்கொண்டு, ஆஸ்பத்திரி வாசலில் போய் நின்றது.

ஊசி போட்ட பிறகு வலி கொஞ்சம் கொஞ்சமாக விலகியது. எக்ஸ்ரே எடுத்தார்கள், ஸ்கேன் பார்த்தார்கள், சிறுநீரையும் சோதித்தார்கள். அதற்குள் ஜூஸ் கடைக்காரர் கையில் ஒட்டிய ஆரஞ்சுச் சாற்றைக்கூடக் கழுவாமல் ஓடி வந்திருந்தார். டாக்டர் ஒரு அம்மா. தொண்டை கட்டிய குரல். சிறுநீரகத்தில் ஒரு பட்டாணி அளவுக்குக் கல் இருக்கிறது என்றார். அதிலிருந்து உதிர்ந்த ஒரு துணுக்கு குழாயில் இறங்கியதால்தான் இந்த வலி. துணுக்கு தானாக வெளியே போய்விடும், பெரியதுதான் பாக்கி.

"ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணி குடிப்பீங்க?"

"நல்லா குடிப்பேன் டாக்டர்."

"பகல்ல?"

அவள் போர்வையின் ஓரத்தைத் திருகினாள். "பகல்ல… வேலைல இருப்பேன்."

டாக்டர் அவளுடைய காக்கிச் சட்டையைப் பார்த்தார். புரிந்துகொண்டார். திட்டவில்லை.

"உடம்புல தினமும் சேர்ற கழிவு எல்லாம் தண்ணியில கரைஞ்சுதான் வெளியே போகணும். ஒரு அளவு தண்ணி ஒரு அளவு கழிவைத்தான் கரைச்சு வச்சுக்கும். நீங்க தண்ணியைக் குறைச்சுட்டீங்க, கழிவு குறையல. இடம் பத்தாம போனது எல்லாம் வெளியே வந்து ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்குது. அதுதான் கல்லு."

ஜூஸ் கடைக்காரர் நாற்காலியை விட்டு எழுந்தே விட்டார். "டாக்டர், இது எங்க கடைப் பாகு மாதிரியில்ல இருக்கு! சர்க்கரையை வெந்நீர்ல போட்டா போட்டுக்கிட்டே இருக்கலாம், தண்ணி வாங்கிக்கிட்டே இருக்கும். அப்புறம் ஆற விட்டா போச்சு. கரைஞ்சிருந்த சர்க்கரை எல்லாம் அடியில கட்டியாகி உக்காந்துக்கும். ஒரு நாள் கரண்டி மாட்டிக்கிட்டு, பாத்திரத்தையே கவுத்துத் தட்ட வேண்டியதாப் போச்சு."

"அதேதான்" என்றார் டாக்டர். "சூட்டுக்கு அதிகமா கரையும், ஆறினா பிடிச்சு வச்சுக்க முடியாது."

"அப்ப சூடு பண்ணினா இந்தக் கல்லும்…"

"உங்க வீட்டம்மாவை அடுப்புல ஏத்தச் சொல்றீங்களா?"

வலியிலும் விசிலக்காவுக்குச் சிரிப்பு வந்தது.

"ஆனா உங்களுக்கு ஒரு அதிர்ஷ்டம்" என்று டாக்டர் அவள் பக்கம் திரும்பினார். "முக்கால்வாசிப் பேருக்கு வர்ற கல்லு கால்சியம் கல்லு. அது கரையாது, உடைச்சுத்தான் எடுக்கணும். உங்க கல்லு ஸ்கேன்ல தெரியுது, எக்ஸ்ரேல தெரியல. சிறுநீர்ல புளிப்பும் அதிகமா இருக்கு. இது யூரிக் ஆசிட் கல்லுதான்னு நினைக்கிறேன். புளிப்பான தண்ணியில அது கரையாது. புளிப்பைக் குறைச்சா கரையும். அதுக்கு ஒரு மருந்து தர்றேன். ஆனா மருந்து தண்ணியோட குணத்தைத்தான் மாத்தும், கரைக்கிறது தண்ணிதான். பகல்ல ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவையாவது நீங்க பாத்ரூம் போகணும். அந்த அளவுக்குக் குடிங்க."

கடைசி வார்த்தைகளைக் கேட்டதும் அவள் முகத்திலிருந்த சிரிப்பு போய்விட்டது. அதை டாக்டர் கவனிக்கவில்லை, புருஷனும் கவனிக்கவில்லை.

வீட்டில் நாத்தனார் காத்திருந்தாள். அடுத்த தெருவில் குடியிருக்கிறவள், எதையும் ஒரே வெட்டாகப் பேசிவிடுவாள். "கல்லு கரையுதாம், கல்லு! என்னைக்காவது கல்லு கரைஞ்சு பார்த்திருக்கியாண்ணே? பேசாம அறுத்து எடுத்துட்டு வேலையப் பார்க்கச் சொல்லு."

ஜூஸ் கடைக்காரருக்கு ரோஷம் வந்துவிட்டது. கடையிலிருந்து ஒரு பொட்டலம் கொண்டு வந்தார். பாட்டிலில் அடைக்கிற எலுமிச்சை சர்பத் கெட்டுப்போகாமல் இருக்கச் சேர்க்கும் வெள்ளைத் தூள். அதில் ஒரு ஸ்பூனை அரை டம்ளர் தண்ணீரில் போட்டுக் கலக்கினார். கரைந்து கண்ணாடி மாதிரி ஆனது.

"இப்ப பாரு." ஒரு எலுமிச்சம்பழத்தைப் பிழிந்தார். தெளிந்திருந்த தண்ணீரில் வெள்ளையாகப் பஞ்சு பஞ்சாக என்னவோ திரண்டு மிதந்தது. "புளிப்பு சேர்ந்ததும் தண்ணி அதைக் கரைச்சு வச்சுக்க மாட்டேங்குது, வெளியே தள்ளுது. புதுசா கடை போட்டப்ப இது தெரியாம தூளை நேரா எலுமிச்சைச் சாத்துல கொட்டி, ஒரு அண்டா சர்பத்தைச் சாக்கடைல ஊத்தினேன்."

பிறகு கொஞ்சம் சமையல் சோடாவைப் போட்டார். டம்ளர் புஸ்ஸென்று நுரைத்து மேஜையெல்லாம் வழிந்தது. இன்னும் கொஞ்சம் போட்டுக் கலக்கினார். நுரை அடங்கியபோது பஞ்செல்லாம் மாயமாகி இருந்தது.

"புளிப்பு போச்சு, கரைஞ்சு போச்சு. புரியுதா?"

நாத்தனார் டம்ளரைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். "எல்லாம் சரிண்ணே. இதுல கல்லு எங்க?"

அவர் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

மறுநாளிலிருந்து அவரே வைத்தியராகி, மனைவியின் தண்ணீரில் ரகசியமாகச் சமையல் சோடா கலக்க ஆரம்பித்தார். அடுத்த தடவை போனபோது பெருமையாக டாக்டரிடம் சொன்னார். நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார். அது ரத்த அழுத்தத்தை ஏற்றும், புளிப்பை ஒரேயடியாகக் குறைத்தால் அதற்கென்று வேறு வகைக் கல் உருவாகும், எல்லாவற்றுக்கும் ஓர் அளவு உண்டு என்றார் டாக்டர். அந்த அளவைப் பார்க்கத்தான் காகிதத் துண்டுகள் கொடுத்திருந்தார். சிறுநீரில் நனைத்தால் நிறம் மாறும். ஆரஞ்சு நிறம் வந்தால் புளிப்பு. இளம் பச்சை வந்தால் சரி. கரும்பச்சைக்குப் போகக் கூடாது.

மருந்து ஒரு திரவம். உப்பும் புளிப்பும் ஒரே நாக்கில் சண்டை போட்டன. "புளிப்பைக் குறைக்கிற மருந்தே புளிக்குதே" என்று அவள் முகத்தைச் சுளித்தாள். உள்ளே போனதும் உடம்பு அதை எரித்து வேறு பொருளாக்கிவிடும், அதுதான் புளிப்பை முறிக்கும் என்று டாக்டர் விளக்கினார். மூன்று வேளை, ஒவ்வொரு வேளையும் ஒரு பெரிய டம்ளர் தண்ணீரோடு.

காலை வேளையும் இரவு வேளையும் சிரமமில்லை. மத்தியான வேளைதான் சிக்கல்.

வேலைக்குத் திரும்பிய முதல் நாள் சொன்னபடியே குடித்தாள். சிமென்ட் ஆலைக்குப் போய்ச் சேரும்போது உயிர் போய்க்கொண்டிருந்தது. மதில் சுவரைப் பார்த்தாள். டீக்கடையைப் பார்த்தாள். பல்லைக் கடித்துக்கொண்டு, ஒவ்வொரு பள்ளத்துக்கும் கண்ணை மூடிக்கொண்டு, டிக்கெட் கிழித்தபடியே ஊருக்குள் திரும்பி வந்தாள். டூட்டி முடிந்து, டிப்போவில் ஸ்டோர் ரூமுக்குப் பக்கத்தில் இருந்த கழிவறைக்கு ஓடியபோது கண்ணில் தண்ணீர் வழிந்தது. அடுத்த நாளிலிருந்து மத்தியான மருந்தை நிறுத்திவிட்டாள். புருஷன் நிரப்பிக் கொடுத்தனுப்பும் பாட்டில்களை ஆலை வாசலில் இருந்த மரத்தடியில் கவிழ்த்துவிட்டுக் காலி பாட்டில்களோடு வீட்டுக்குப் போனாள். "பூராத்தையும் குடிச்சிட்டியா!" என்று அவர் பூரித்துப்போகும்போது அவள் துணி மடிக்கப் போய்விடுவாள்.

அடுத்த ஸ்கேனில் கல் அப்படியே இருந்தது. சாயங்கால வேளைக் காகிதமும் ஆரஞ்சாகவே வந்தது. டாக்டருக்குக் குழப்பம். நாத்தனாருக்கு மட்டும் சந்தோஷம். "நான் அன்னைக்கே சொல்லல?"

மரத்தடியில் தண்ணீர் ஊற்றுவதை மீட்டர் அண்ணன் சில நாளாகப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு நாள் டீ கிளாஸோடு பக்கத்தில் வந்து நின்றார்.

"கல்லு உனக்கா, மரத்துக்கா?"

அவள் சிரிக்க முயன்றாள், வரவில்லை. பாட்டிலைக் கையில் பிடித்தபடியே அழுதாள். அழுகையோடு எல்லாவற்றையும் சொன்னாள். முதல் மாதம் கேட்டதை, எல்லாரும் சிரித்ததை, அரை கப் டீயை, பள்ளங்களை. கேட்கக் கேட்க மீட்டர் அண்ணன் தலை குனிந்துகொண்டே போனது. இத்தனை வருடமாக ஒரு நாளைக்கு எத்தனையோ தடவை அந்தச் சுவர் ஓரம் போய்விட்டு வந்து, கையைத் துடைத்துக்கொண்டு "போலாமா" என்று கேட்ட மனுஷன் அவர். கூட வேலை செய்கிறவள் எங்கே போகிறாள் என்று ஒரு நாளும் யோசித்ததில்லை. டீயைக் குடிக்காமலே கீழே ஊற்றினார்.

மறுநாள் பாதி வழியில் வண்டி திடீரென்று ஒரு பெட்ரோல் பங்குக்குள் நுழைந்தது.

"இன்ஜின் சூடாயிடுச்சு. மூணு நிமிஷம்" என்று பொதுவாக அறிவித்தார் மீட்டர் அண்ணன். சீட்டுக்கடியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் வாளியை எடுத்து அவளிடம் நீட்டினார். "பின்பக்கம் குழாய் இருக்கு. தண்ணி பிடிச்சிட்டு வாம்மா." வாளிக்குள் ஒரு சாவி கிடந்தது.

பங்கின் பின்பக்கம் போனாள். குழாய்க்குப் பக்கத்தில் ஒரு கதவு. சாவி அந்தக் கதவுக்கு. உள்ளே சுத்தமாக இருந்தது. கண்ணாடிகூட இருந்தது. அந்தக் கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்துக்கொண்டு ஒரு நிமிஷம் சும்மா நின்றாள்.

அன்றிலிருந்து ஊரிலேயே அதிகமாகச் சூடாகிற இன்ஜின் பதினேழாம் நம்பருடையதுதான். போகும்போது ஒரு தடவை சூடாகும், வரும்போது ஒரு தடவை சூடாகும். மழை கொட்டுகிற நாளிலும் சூடாகும். முதல் வாரம் சிலர் முணுமுணுத்தார்கள். இரண்டாவது வாரம் மீன்காரம்மாவும் வாளிக்குப் பின்னாலேயே போனாள். பிறகு கைக்குழந்தையோடு வந்த ஒரு பெண். பிறகு ஒரு ரிட்டயர்டு வாத்தியார், "நானும் இன்ஜினுக்குத் தண்ணி ஊத்திட்டு வந்துடறேன்" என்று இறங்கினார்.

அவள் குடிக்க ஆரம்பித்தாள். நாக்கு நனைகிற அளவுக்கு இல்லை, வயிறு குளிரக் குடித்தாள். மத்தியான மருந்து தவறவில்லை. சாயங்காலக் காகிதம் ஆரஞ்சிலிருந்து மஞ்சளாகி, ஒரு நாள் இளம் பச்சை காட்டியது. அதைப் புருஷனிடம் நீட்டினாள். அவர் அதைக் கையில் வாங்கிவிட்டு, அது எதில் நனைந்த காகிதம் என்பது ஞாபகம் வந்ததும் பதறிக் கீழே போட்டார். அடுத்த ஸ்கேனில் பட்டாணி பாதியாகியிருந்தது. மரத்தடியில் ஊற்றியதையும் பெட்ரோல் பங்கில் நிற்பதையும் அன்றைக்குத்தான் அவள் டாக்டரிடம் சொன்னாள். சர்க்கரைக் கட்டி கரைவது போல மேலிருந்துதான் கரையும், உள்ளே இருப்பது தன் முறைக்குக் காத்திருக்கும், பொறுமை வேண்டும் என்றார் டாக்டர்.

அந்தச் சமயத்தில்தான் செக்கிங் இன்ஸ்பெக்டர் ஏறினார்.

டிக்கெட்டெல்லாம் சரிபார்த்துவிட்டு அவர் இறங்குவதற்குள் வண்டி பங்குக்குள் திரும்பிவிட்டது. வழக்கத்தில் மீட்டர் அண்ணனின் கை தானாகவே திருப்பிவிட்டது.

"இங்க ஏன் திரும்புது?"

"இன்ஜின் சூடு சார்."

இன்ஸ்பெக்டர் முன்னால் போய், இன்ஜின் சூட்டைக் காட்டும் மீட்டரைக் குனிந்து பார்த்தார். "முள்ளு நடுவுலதானே நிக்குது. யாருக்குப்பா சூடு, உனக்கா?" மீட்டர் அண்ணன் கண்ணாடிக்கு வெளியே பார்த்தார். "தினமும் இங்க நிக்குதுன்னு ஏற்கெனவே காதுக்கு வந்துச்சு. டீசல் இறக்கி விக்கறியா? ரிட்டயர் ஆகப் போற நேரத்துல இது தேவையா உனக்கு?"

எது வந்தாலும் மீட்டர் அண்ணன் உண்மையைச் சொல்லப் போவதில்லை என்பது அவருடைய பின்கழுத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

விசிலக்கா வாளியோடு படிப் பக்கத்தில் நின்றிருந்தாள். வண்டி நிறைய ஆள். அதில் பாதிப் பேர் ஆண்கள். ஒரு நிமிஷம் சும்மா இருந்தால் போதும், யாருக்கும் எதுவும் தெரியாமலே போய்விடும். அந்த ஒரு நிமிஷத்தில் டீக்கடைச் சிரிப்பு காதில் கேட்டது.

"சார், இன்ஜின் நல்லாத்தான் இருக்கு. நான் பாத்ரூம் போறதுக்காகத்தான் வண்டி நிக்குது."

பங்கில் பெட்ரோல் போடும் மெஷின் ஓடுகிற சத்தம் கேட்டது.

"என் கிட்னியில கல்லு இருக்கு சார். தண்ணி குடிச்சாத்தான் கரையும். தண்ணி குடிச்சா போகணும். கடைசி ஸ்டாப்புல போறதுக்கு இடம் இல்ல. அண்ணன் மேல ஒரு தப்பும் இல்ல, எழுதறதா இருந்தா என் பேர்ல எழுதுங்க."

ஒல்லிக் குரல்தான், ஆனால் கடைசி சீட்டு வரை கேட்டது. யாரும் சிரிக்கவில்லை. இன்ஸ்பெக்டர் கையிலிருந்த பேனாவை மூடினார், திறந்தார், மறுபடி மூடினார்.

"இதை ஏம்மா முன்னாடியே சொல்லல?"

"முதல் மாசமே கேட்டேன் சார். சிரிச்சாங்க."

"நாங்களும்தான்யா போறோம்" என்று பின்னாலிருந்து மீன்காரம்மாவின் குரல் வந்தது. "எங்க பேரையும் சேர்த்து எழுதிக்கோ."

அவர் எழுதத்தான் செய்தார். அனுமதி இல்லாத இடத்தில் வண்டியை நிறுத்தியது குற்றம்தான். மறுநாள் இரண்டு பேரையும் டிப்போ மேனேஜர் கூப்பிட்டார். இன்ஸ்பெக்டர் ஜன்னல் ஓரம் நின்றிருந்தார். மேனேஜர் நல்ல மனுஷன். யாருக்கும் மனஸ்தாபம் வராமல் முடித்துவிட வேண்டும் என்று நினைக்கிறவர்.

"உடம்பு சரியில்லாம எதுக்கும்மா கஷ்டப்படறே? ஆபீஸ்ல உக்காந்து பார்க்கிற வேலை தர்றேன். ஃபேன் இருக்கு. பக்கத்துலயே பாத்ரூம் இருக்கு. பிரச்சினை தீர்ந்துடும்."

அவளுக்குப் பிஸ்கட் கம்பெனி ஸ்டூல் ஞாபகம் வந்தது. "நான் வண்டியை விட்டு இறங்கிட்டா அந்த ஸ்டாப்புல பாத்ரூம் வந்துடுமா சார்?"

மேனேஜர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஜன்னல் ஓரத்திலிருந்து இன்ஸ்பெக்டர் தொண்டையைச் செருமினார்.

"டைம்டேபிள்ல மூணு நிமிஷம் சேர்த்தா போதும் சார். நேத்து அந்தப் பங்க்ல நானும் போயிட்டுத்தான் வந்தேன். நல்லா வச்சிருக்காங்க."

அப்படித்தான் பெட்ரோல் பங்கு ஒரு ஸ்டாப் ஆனது. சின்னதாக ஒரு பலகை வைத்தார்கள். வாளிக்கு வேலை போய்விட்டது. மீட்டர் அண்ணன் அதை வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டார். சிமென்ட் ஆலை வாசலில் ஒரு கழிவறை கட்டவும் உத்தரவு வந்தது, அது மட்டும் மாதக்கணக்கில் இழுத்தது. செங்கல் வந்தது, மணல் வரவில்லை. மணல் வந்தது, ஆலை வாசலிலேயே சிமென்ட் கிடைக்கவில்லை. ஒருவழியாகக் கட்டி முடித்தபோது கதவுக்கு உள்தாழ்ப்பாள் இல்லை. ஜூஸ் கடைக்காரர் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஸ்க்ரூ டிரைவரோடு பஸ் ஏறிப் போய் ஒரு தாழ்ப்பாள் அடித்துவிட்டு வந்தார். அதை இழுத்து மூடிப் பார்க்க நாத்தனாரும் கூடவே போனாள். "பரவால்லண்ணே, கெட்டியா இருக்கு" என்றாள். அவள் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை வருவது அபூர்வம்.

அறை வந்து சில வாரம் கழித்து மறுபடி ஸ்கேன். அதற்குள் மருந்தின் ருசிகூட நாக்குக்குப் பழகியிருந்தது. டாக்டர் திரையை அவர்கள் பக்கம் திருப்பினார். முன்பு வெள்ளையாக ஒரு புள்ளி இருந்த இடத்தில் எதுவும் இல்லை. ஜூஸ் கடைக்காரர் மூக்கு இடிக்கிற அளவுக்குக் கிட்டே போய்த் தேடினார்.

"எங்க டாக்டர் போச்சு?"

"எங்கயும் மாயமாப் போகலங்க. கரைஞ்சு, கொஞ்சம் கொஞ்சமா பெட்ரோல் பங்குக்குப் போயிடுச்சு."

விசிலக்கா முதலில் சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் அழுதுவிட்டாள். புருஷன் என்ன செய்வது என்று தெரியாமல் அவளுடைய கைப்பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டார். தண்ணீரை விட்டால் கல் திரும்பவும் வரும், மருந்தைக் குறைத்த அளவில் தொடர வேண்டும், ஆறு மாதத்துக்கு ஒரு தடவை வந்து காட்ட வேண்டும் என்று டாக்டர் சொன்னதை எல்லாம் அவர்தான் கேட்டுக்கொண்டார்.

வெளியே வந்து வேறொரு நம்பர் பஸ்ஸில் ஏறினார்கள். கண்டக்டரான பிறகு அவள் பஸ்ஸில் உட்கார்ந்து போனது அபூர்வம். ஜூஸ் கடைக்காரர் ஜன்னல் ஓரத்தை அவளுக்கு விட்டார். புறப்பட்ட கொஞ்ச நேரத்தில் காற்று முகத்தில் அடித்தது. ஏறினவர்களை, இறங்கினவர்களை, சில்லறைக்குத் தடுமாறிய அந்தக் கண்டக்டரை, எதையும் அவள் பார்க்கவில்லை. புருஷன் தோளில் சாய்ந்து, வாயைத் திறந்தபடி, நன்றாகத் தூங்கிவிட்டாள். அவர்கள் இறங்க வேண்டிய இடம் வந்தது. ஜூஸ் கடைக்காரர் அவளை எழுப்பப் போனார். பிறகு மனசு வராமல், கண்டக்டரைக் கூப்பிட்டுக் கடைசி ஸ்டாப்புக்கு இன்னும் இரண்டு டிக்கெட் வாங்கினார்.